இறங்கும்போது ஏன் வலிக்கிறது? முழங்கால் சில்லு வலி பற்றி ஓர் ஆசிரியைக்குப் பதில்

மஸ்கெலியாவை அண்டிய தோட்டமொன்றிலிருந்து 26 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்து அதன் சுருக்கத்தைத் தருகிறேன். அவர் குடியிருக்கும் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பள்ளத்திலும், படிப்பிக்கும் பாடசாலை மேட்டிலும் இருப்பதால், சீமெந்துப் படிகளில் ஏறி இறங்குவது சிறு வயதிலிருந்தே பழகிப்போன ஒன்று. மாணவியாக இருந்த காலத்தில் கரப்பந்தாட்டம் ஆடியவர், இப்போது பாடசாலையின் மாணவியர் அணியைப் பயிற்றுவிக்கிறார். கடந்த ஜனவரியில் உடலைத் தேற்றிக்கொள்ளலாம் என்று தோட்டத்துப் பாதையில் காலை ஓட்டத்தைத் தொடங்கி, மூன்றாம் வாரத்திலேயே தூரத்தை இரட்டிப்பாக்கினார். பெப்ரவரியில் சக ஆசிரியர்களுடன் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போனார். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும் வழியில் பாதியிலேயே வலது முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கியது; சில நாட்களில் இடது முழங்காலும் சேர்ந்துகொண்டது.

அதன் பின்னர் நடந்தவை: பார்மசியில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை மூன்று வாரம் விழுங்கியிருக்கிறார். இறுக்கமான முழங்கால் உறை ஒன்றை வாங்கிக் காலையிலிருந்து இரவு வரை அணிந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. இரண்டு மாதங்கள் ஓட்டம், விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வலி அடங்கியதும் மைதானத்தில் இறங்கிய முதல் நாளே பழைய வலி திரும்பிவிட்டது. "சவ்வு கிழிந்திருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்" என்கிறார் ஒருவர், முட்டிக்குள் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் அம்மாவோ, "எனக்கு அம்பது வயசுல தேஞ்சது உனக்கு இப்பவே தேஞ்சு போச்சு" என்று அழுகிறார். திருமணப் பேச்சு நடக்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. மூட்டு தேய்ந்துவிட்டதா, எம்.ஆர்.ஐ. தேவையா, விளையாட்டை விட்டுவிட வேண்டுமா என்பவை ஆசிரியையின் கேள்விகள். தம் அணியிலுள்ள 13 வயது மாணவி ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே வலியுடன் ஒரு புடைப்பு இருப்பதையும் கடிதத்தின் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நேரில் பரிசோதிக்காமல் உங்கள் நோயை உறுதிப்படுத்த என்னால் இயலாது. ஆனாலும் கிளினிக்கில் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கடிதத்தில் விடை இருக்கிறது. படி இறங்கும்போது வலி கூடுகிறது; குந்தியிருந்து எழும்போதும், ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் மடக்கிய காலுடன் அமர்ந்து போய் எழும்போதும் குத்துகிறது; வீக்கம் இல்லை; முழங்கால் எங்கும் சிக்கிப் பூட்டிக்கொள்வதில்லை. இவற்றுக்கு மேலாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியே எனக்கு அதிகம் உதவியது: "எந்த இடத்தில் வலி என்று ஒரு விரலால் காட்ட முடியவில்லை, உள்ளங்கையால் முட்டியை மூடித்தான் காட்ட முடிகிறது." முழங்காலின் முன்புறத்திலுள்ள சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடைப்பட்ட மூட்டில் எழும் வலியைப் பெரும்பாலானோர் இப்படித்தான் காட்டுவார்கள். ஓடியாடித் திரியும் இளம் வயதினரின் முழங்கால் வலிகளில் இது மிகச் சாதாரணமானது. ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது.

சில்லின் மீது விழும் பாரம்

சில்லு என்பது தொடையின் முன்புறத் தசையின் நாணுக்குள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் பட்டைக்குள், பதிந்திருக்கும் எலும்பு. அலவாங்கால் பாறையைப் புரட்டுகிறவர்கள் அதன் அடியில் ஒரு சிறு கல்லை முட்டுக்கொடுத்து நெம்புவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு கல்லின் வேலையைத்தான் சில்லு செய்கிறது. அது இருப்பதால் தொடைத் தசை குறைந்த பலத்தில் காலை நீட்டிவிடுகிறது. ஆனால் நெம்பும் பாரம் அதன் மீதே அழுந்துகிறது. சமதரையில் நடக்கும்போது சில்லு தொடையெலும்பின் மீது அழுந்தும் விசை உங்கள் உடல் எடையைவிடக் குறைவு. படிகளில் அது உடல் எடையின் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆழமாகக் குந்தும்போது இன்னும் பல மடங்கு உயர்கிறது. இந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே சில்லின் பின்புறத்தில் உடலிலேயே மிகத் தடித்த குருத்தெலும்பு அமைந்திருக்கிறது.

ஏறும்போது வலிக்காதது இறங்கும்போது வலித்ததற்கும் காரணம் உண்டு. இறங்குகையில் மேற்படியில் நிற்கும் கால், மடங்கியபடியே முழு உடலையும் மெதுவாகக் கீழே விட வேண்டும். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அது களைத்துவிட்டால் உடல் தடதடவென்று அடுத்த படியில் விழுகிறது. நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 5,500 படிகள். இரவு முழுவதும் தூங்காமல் ஏறி, உச்சியில் குளிரில் விறைத்து, சூரிய உதயம் பார்த்த கையோடு களைத்த கால்களுடன் அத்தனை படிகளையும் இறங்கியிருக்கிறீர்கள். பழகாத முழங்கால் அதில் முறையிட்டதில் வியப்பில்லை.

ஆனால் பழியை மலையின் மீது மட்டும் போட்டுவிட முடியாது. லயத்துப் படிகள் ஜனவரிக்கு முன்பும் இருந்தன, அப்போது வலிக்கவில்லை. ஜனவரியில் புதிதாக வந்தது ஓட்டம், அதுவும் மேடுபள்ளமான பாதையில். மூன்று வாரத்தில் அது இரட்டிப்பானது. கரப்பந்தாட்டப் பயிற்சியில் மாணவியருடன் சேர்ந்து குதித்தீர்கள். அதற்கு மேல் யாத்திரை. எலும்பும் தசையும் புதிய பாரத்துக்கு ஏற்பத் தம்மைப் பலப்படுத்திக்கொள்ளக் கூடியவைதாம், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். நீங்கள் கொடுத்தது ஆறேழு வாரங்கள். இந்த வலியோடு என்னிடம் வருகிறவர்களிடம் முந்திய இரண்டு மாதங்களின் கணக்கைத்தான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் எக்ஸ்ரேயில் கிடைக்காத விடை அதில் கிடைத்துவிடும்.

இதற்குத் துணையாக நிற்கும் காரணங்களும் உண்டு. தொடைத் தசையின் பலவீனம் ஒன்று. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளின் பலவீனம் இன்னொன்று; அவை சரியாகப் பிடிக்காவிட்டால் ஒற்றைக் காலில் பாரம் விழும்போது தொடை உட்புறமாகச் சரிந்து, சில்லு ஒரு பக்கமாக அதிகம் அழுந்தக்கூடும். வீட்டு வாசற்படியில் ஒரு காலில் நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி மறுகாலை மெதுவாகத் தரையில் வைத்துப் பாருங்கள். நிற்கும் காலின் முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதென்றால் இடுப்புத் தசைகளையும் கவனிக்க வேண்டும். இப்படிச் சாயும் பலருக்கு வலியே இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பாதம் அதிகமாக உட்பக்கம் சரிவது, குதி உயர்ந்த செருப்பு ஆகியவையும் சிலருக்குப் பங்களிக்கின்றன. ஒரு கையில் சேலைக் கொசுவத்தையும் மறு கையில் அப்பியாசக் கொப்பிகள் நிறைந்த பையையும் பிடித்தபடி மழையில் படி இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க ஒரு கையும் மிஞ்சாத அந்த நிலையில் ஒவ்வொரு படியிலும் உடல் விறைத்து இறங்கும். கொப்பிகளை முதுகுப் பைக்கு மாற்றுவது சிறிய விஷயம்தான், ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை பயன்படும் விஷயம்.

தேய்மானம், சவ்வு, அம்மாவின் முழங்கால்

உங்கள் முழங்கால் தேய்ந்துவிட்டது என்பதற்குக் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. குருத்தெலும்பில் நரம்பு இல்லை. வலி அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், சில்லுக்குக் கீழேயுள்ள கொழுப்புத் திசுவிலிருந்தும், மூட்டைச் சூழ்ந்த உறையிலிருந்தும் எழுகிறது. இவை எரிச்சலடைந்திருக்கின்றன, எரிச்சல் அடங்கக்கூடியது. குந்தும்போது கேட்கும் கறகற ஓசை உங்களைக் கலவரப்படுத்துவது புரிகிறது. வலியே இல்லாத ஏராளமானோரின் முழங்கால்களிலும் அந்த ஓசை கேட்கும். வலியோ வீக்கமோ சேராத ஓசைக்குச் சிகிச்சை தேவையில்லை.

சவ்வு என்று உங்களிடம் சொல்லப்பட்டது, முழங்காலுக்குள் எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் மூட்டிடைத் தட்டாக இருக்க வேண்டும். அது கிழிந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். கால் ஊன்றியிருக்க உடல் திரும்பிய ஒரு கணம் நினைவில் நிற்கும். வலி முன்புறத்தில் இல்லாமல் மூட்டின் உட்பக்க அல்லது வெளிப்பக்க விளிம்பில் இருக்கும். முழங்கால் வீங்கும், சில வேளை நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்ளும். இவற்றில் எதுவும் உங்களிடம் இல்லாதபோது எம்.ஆர்.ஐ. எடுப்பதில் பயன் குறைவு. தீங்கும் உண்டு. வலியில்லாதவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலும் குருத்தெலும்பில் சிறு மாற்றங்கள் தென்படுவது வழக்கம். அறிக்கையில் அப்படி ஒரு வரி வந்துவிட்டால், அம்மாவின் பயத்துக்கு முத்திரை குத்தியது போலாகிவிடும். கண்டிக்குப் போய்ச் செலவழித்த பெருந்தொகைக்கு அதுவே பலனாக மிஞ்சும். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால், அப்போது வைத்தியர் அதைப் பற்றி யோசிக்கட்டும்.

அம்மாவுக்கு இருப்பது பெரும்பாலும் வயதோடும் நெடுங்கால உழைப்போடும் வரும் மூட்டு வாதமாக இருக்கலாம். அவரையும் தனியாக ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். இளமையில் சில்லு வலி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தேய்மானம் கூடுதலாக வருமா என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகாத விவாதம். அம்மாவின் கால் அப்படி ஆனதால் உங்கள் காலும் அப்படித்தான் ஆகும் என்று கணக்குப் போட அதில் இடமில்லை. திருமணப் பேச்சைப் பொறுத்தவரை, ஓடுகிற, விளையாடுகிற பெண்ணுக்கு வருகிற வலி இது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய நோயாக இதை நடத்தினால், பயிற்சியையும் மறைத்தே செய்ய வேண்டிவரும். அப்படிச் செய்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை, உறை, ஊசி, கருவி

உங்கள் மாத்திரையின் பெயரைப் பார்த்தேன். அது டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்தது. மூன்று வாரம், அதுவும் தேநீரை மட்டும் குடித்துவிட்டுக் காலையில் எடுத்தது சரியல்ல. இவ்வகை மாத்திரைகள் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து மேலும் கூடும். மலம் கறுத்துப் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மைதானத்துக்குப் போகுமுன் மாத்திரை போட்டுக்கொள்வதை முற்றாக நிறுத்துங்கள். எவ்வளவு பாரம் கூடுதல் என்று உங்களுக்குச் சொல்லும் ஒரே சாட்சியை அது வாயடைத்துவிடுகிறது.

முழங்கால் உறை சிலருக்குச் சிறிது ஆறுதல் தரும். நீண்ட இறக்கத்தின்போதோ பயிற்சியின்போதோ அணியலாம். காலை முதல் இரவு வரை வேண்டாம். சில்லை ஒரு பக்கமாக இழுத்து ஒட்டும் பிளாஸ்டர் முறையும், செருப்புக்குள் வைக்கும் பாதத் தாங்கியும் முதல் சில வாரங்களுக்கு வலியைத் தணிக்க உதவலாம். முட்டிக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசிக்கு உங்கள் வயதில், உங்கள் வலிக்கு, இடமே இல்லை என்பேன். தவறித் தசைநாணுக்குள் போனால் அது நாணையே பலவீனப்படுத்தக்கூடும். சத்திரசிகிச்சையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மின்சாரக் கருவி பிடிக்கும் சிகிச்சைக்கு ஓரிடத்தில் முன்பணம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2017 இல் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் கூடிய சில்லு வலி ஆய்வாளர்கள், மறு ஆண்டு வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில், இத்தகைய கருவிச் சிகிச்சைகளைப் பரிந்துரைக்கவில்லை. இடுப்புக்கும் முழங்காலுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பயிற்சியையே முதன்மைச் சிகிச்சையாக முன்வைத்தார்கள். முன்பணம் கட்ட வேண்டாம். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு அனுப்பும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. கேட்பது உங்கள் உரிமை. எடுத்த எக்ஸ்ரேயையும் விழுங்கிய மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

ஓய்வுக்கும் ஓட்டத்துக்கும் இடையில்

இரண்டு மாதம் முழு ஓய்வு எடுத்ததை ஒழுக்கமாகக் கருதி எழுதியிருக்கிறீர்கள். வலி அடங்கியது உண்மை. அதே இரண்டு மாதத்தில் தொடைத் தசையும் இளைத்தது; மூட்டின் தாங்குதிறன் ஜனவரியில் இருந்ததைவிடவும் கீழே போயிருக்கும். பிறகு ஒரே நாளில் முழுப் பயிற்சிக்குத் திரும்பினீர்கள். ஆகையால் விளையாட்டை விட்டுவிடவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் வேண்டாம். வலி பத்துக்கு எத்தனை என்று மதிப்பிட்டுப் பழகுங்கள். பயிற்சியின்போது இரண்டு அல்லது மூன்று வரை வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு உங்களுக்குச் சரி. மறுநாள் படி இறங்கும்போதும் கூடுதலாக வலித்தால், முந்தைய நாளின் அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். முதல் சில வாரங்களுக்கு: பக்கவாட்டில் படுத்து மேற்காலை நேராக உயர்த்துவது, மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது, கதிரையில் உட்கார்ந்து எழும் பாவனையில், வலி அனுமதிக்கும் ஆழம் வரை மட்டும் குந்துவது. ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. இவை எளிதானதும் வாசற்படிக்குப் போங்கள்: முதலில் ஏறுவது, பிறகு மேலே நின்ற காலால் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குவது. மலைநாட்டில் வாழ்கிற உங்களுக்கு இந்த இறங்கும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். வித்தியாசம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். சிலருக்கு இன்னும் நீளும். வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்துகிறவர்களுக்கு அது திரும்பி வருவதும் உண்டு.

ஓட்டத்தைப் பாடசாலை மைதானத்திலோ, நீங்கள் சொன்ன நீர்த்தேக்க ஓரத்துச் சமமான பாதையிலோ, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றித் தொடங்குங்கள். அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் சில்லின் மீதான அழுத்தம் குறையும். ஒரே வாரத்தில் தூரத்தையும் ஏற்றத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம். கரப்பந்தாட்டத்தில் முதலில் பந்தை ஏற்றுக் கொடுக்கும் பயிற்சிகள், கடைசியாகக் குதித்து அடிப்பது. குதிக்கும்போது சில்லின் கீழ் நுனியில், ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி வலி வந்தால், அது தசைநாணின் வலியாக இருக்கலாம். அதற்கான பயிற்சி சற்று வேறு என்பதால் பிசியோதெரபிஸ்டிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்த யாத்திரைக் காலம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீள்கிறது. வாசற்படியில் மெதுவாக இறங்குவதும், லயத்திலிருந்து பாடசாலைக்கு வலியின்றிப் போய்வருவதும் கைகூடிவிட்டால், அந்தக் காலத்தின் பிற்பகுதியில் மலை ஏறுவதற்குத் தடை சொல்ல மாட்டேன். கையில் தடி இருக்கட்டும், இறங்கும்போது அடிக்கடி உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள், இளைஞர்களுடன் போட்டி போட்டுக்கொண்டு ஓடி இறங்க வேண்டாம்.

தாமதிக்கக் கூடாதவை

முழங்கால் திடீரென வீங்குதல், சிவந்து சுடுதலுடன் காய்ச்சல், கால் ஊன்ற முடியாமை, சில்லு பக்கவாட்டில் நழுவி விழுதல், முழங்கால் பூட்டிக்கொள்ளுதல், அசையாமல் படுத்திருக்கும்போதும் இரவில் எழுப்பும் வலி, காரணமின்றி உடல் மெலிதல்: இவற்றில் எது வந்தாலும் மேலே எழுதிய பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு உடனே வைத்தியரைப் பாருங்கள்.

உங்கள் மாணவியின் புடைப்பைப் பற்றி: சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில், தசைநாண் பற்றியிருக்கும் இடம் வளரும் வயதில் இன்னும் முழு எலும்பாகாமல் இருக்கும். அதிகம் குதிக்கும், ஓடும் பிள்ளைகளுக்கு அவ்விடம் இழுபட்டு வலித்துப் புடைக்கும். வளர்ச்சி முடிவடைந்ததும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். புடைப்பு மட்டும் தங்கிவிடலாம். அணியிலிருந்து நீக்க வேண்டாம். வலிக்கும் நாட்களில் குதிக்கும் பயிற்சியைக் குறைத்துக்கொடுங்கள், முழந்தாளிடச் சொல்லும் தண்டனையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் அவர் நொண்டி நடந்தாலோ, இடுப்பை அசைக்கும்போது வலித்தாலோ, இரவில் வலியால் விழித்தாலோ, அது முழங்காலோடு முடிகிற விஷயமல்ல. அந்த வயதில் இடுப்பு மூட்டின் கோளாறு முழங்கால் வலியாக மட்டுமே வெளிப்படக்கூடும். எலும்பில் தோன்றும் கட்டி, அரிதானாலும், முழங்காலைச் சுற்றியே அதிகம் வருகிறது. ஆகவே இந்த வாரமே பெற்றோரை அழைத்துப் பேசி, ஒருமுறை வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். இடுப்பையும் பார்க்கும்படி கேட்கச் சொல்லுங்கள்.